ஹார்மோன் ரிப்போர்ட் கையில் வந்தால் எதை முதலில் பார்ப்பது?

ரிப்போர்ட்டைத் திறந்ததும் கண் நேராகப் போவது தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணுக்குத்தான். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி மேலேயோ கீழேயோ பார்த்து நின்றால் போதும், அன்றைக்குத் தூக்கம் போய்விடும். என் அக்காவின் தைராய்டு ரிப்போர்ட்டை நடுவில் வைத்துக்கொண்டு எங்கள் வீடே ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தது. கடைசியில் பார்த்தால் அக்காவுக்குத் தைராய்டில் ஒரு கோளாறும் இல்லை. அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் ஹார்மோன் என்பது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. ஹார்மோன் எண்ணைத் தனியாகப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதைச் சுரக்கச் சொன்னது யார், ரத்தம் எடுத்த நேரம் எது, ரத்தத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது, அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டிய செல்லின் காதில் விழுகிறதா, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கே அர்த்தம் வரும்.

இதைப் படித்துவிட்டு நீங்களே மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ வேண்டாம். டாக்டர் முன்னால் உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும், அதற்குத்தான் இது.

ஐந்து நிமிட அடிப்படை

பள்ளியில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று படித்திருப்போம். நாளம் என்றால் குழாய். எச்சில் சுரப்பிக்குக் குழாய் உண்டு, அது வாயில் வந்து திறக்கிறது. தைராய்டுக்கும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனலுக்கும் பிட்யூட்டரிக்கும் அப்படிக் குழாய் எதுவும் கிடையாது, தாங்கள் செய்ததை நேராக ரத்தத்தில் விட்டுவிடுகின்றன. பெயரிலேயே பாதி விளக்கம் இருக்கிறது, நாம்தான் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து போய்விட்டோம்.

1902ஆம் ஆண்டு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு அந்தப் பகுதிக்குள் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். நரம்பு இல்லை, அதனால் கணையத்துக்குச் செய்தி போகாது என்பதுதான் அன்றைய கணக்கு. ஆனால் கணையம் வழக்கம்போலவே சுரந்தது. அப்படியானால் செய்தி ரத்தம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அதைக் கொண்டுபோன பொருளுக்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். 1905ல் ஸ்டார்லிங் இந்த மாதிரிப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹார்மோன் என்ற சொல்லைப் பயன்படுத்தினார், கிரேக்கத்தில் அது தூண்டி இயக்குவது என்ற பொருளில் வரும் சொல். தமிழில் இயக்குநீர் என்று வைத்தவர்கள் யாரோ, மிகப் பொருத்தமாக வைத்திருக்கிறார்கள்.

ரத்தத்தில் விட்டால் உடம்பு முழுக்கத்தானே போகும், பிறகு எப்படிக் குறிப்பிட்ட உறுப்பு மட்டும் கேட்கிறது? ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளச் செல்லில் ஏற்பி என்ற ஒரு பகுதி வேண்டும். எல்லாச் செல்லுக்கும் எல்லா ஹார்மோனுக்குமான ஏற்பி இல்லை, அதனால்தான். ஏற்பி இருக்கிற செல்தான் கேட்கும், இல்லாத செல்லை அந்த ஹார்மோன் உரசிக்கொண்டு போனாலும் ஒன்றும் நடக்காது. ஒரே ஹார்மோனுக்கு வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு வகை ஏற்பி இருந்தால் வெவ்வேறு வேலை நடக்கும். பயந்த நேரத்தில் வரும் அட்ரினலின் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது, மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது, தோலுக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. செய்தி ஒன்றுதான், கேட்கிறவர்தான் வேறு.

வேகத்திலும் வித்தியாசம் உண்டு. இன்சுலின், அட்ரினலின் போன்றவை செல்லுக்குள்ளே போகாது, வெளிச்சுவரில் உள்ள ஏற்பியில் உட்கார்ந்து உள்ளே தகவலைத் தட்டிவிடும், அதனால் நொடிகளில், நிமிடங்களில் பலன் தெரியும். அட்ரீனல் சுரக்கும் கார்டிசால், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு ஹார்மோன் எல்லாம் செல்லுக்குள் நுழைந்து மரபணு வரைக்கும் போய், எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று மாற்றுகின்றன. அதற்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். தைராய்டு மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாளே ஒன்றும் தெரியவில்லையே என்று மனம் விட்டுப்போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜோடியைத் தேடுங்கள்

இதுதான் முக்கியம். ரிப்போர்ட்டில் ஒரு ஹார்மோனைப் பார்த்தால், அதை ஏவுகிறது எது, அல்லது அது கட்டுப்படுத்துவது எதை என்று கேளுங்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தைராய்டையே எடுப்போம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி டிஎஸ்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது தைராய்டைப் பார்த்து, வேலையைச் செய் என்று சொல்லும் குரல். தைராய்டு பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனையும் கொஞ்சம் டி3 என்ற ஹார்மோனையும் சுரக்கிறது, டி4 உடம்பின் மற்ற இடங்களில் டி3ஆக மாறி வேலை செய்கிறது. ரத்தத்தில் இவை போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரியும் அதற்கு மேலே உள்ள ஹைப்போதலாமஸும் அதை உணர்ந்து குரலைத் தாழ்த்திக்கொள்ளும், குறைந்தால் குரலை உயர்த்தும். இதைத்தான் எதிர்மறைப் பின்னூட்டம் என்கிறார்கள்.

அதனால்தான் டிஎஸ்எச் அதிகமாக இருந்தால் தைராய்டு குறைவு. முதல்முறை பார்க்கிற எல்லோரையும் குழப்புகிற இடம் இது. எண் அதிகம், அப்படியானால் தைராய்டு அதிகம் என்று நினைத்துவிடுகிறோம். அந்த எண் பிட்யூட்டரியின் குரல், தைராய்டின் வேலை அல்ல. வேலை நடக்காத இடத்தில்தான் சத்தம் அதிகமாக இருக்கும். டிஎஸ்எச் ஏறி ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) இறங்கியிருந்தால் தைராய்டு சுரப்பி தளர்ந்திருக்கிறது. டிஎஸ்எச் அடிமட்டத்துக்குப் போய் ஃப்ரீ டி4 ஏறியிருந்தால் சுரப்பி சொல்பேச்சுக் கேட்காமல் தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கிறது. டிஎஸ்எச் கொஞ்சம் ஏறி, ஃப்ரீ டி4 சரியாகவே இருந்தால் சுரப்பி சமாளிக்கிறது, ஆனால் பிட்யூட்டரி கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மூன்றாவது நிலையில் பெரும்பாலும் சில வாரம், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், பல பேருக்குத் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் கண்ணில் படாமல் தப்பிப்போவது. ஃப்ரீ டி4 குறைவு, ஆனால் டிஎஸ்எச் சாதாரண அளவில் அல்லது குறைவாக இருக்கிறது. டி4 குறைந்திருக்கும்போது பிட்யூட்டரி சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் கோளாறு பிட்யூட்டரியிலேயே இருக்கலாம். டிஎஸ்எச் மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது, அது சாதாரண அளவில் இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் எந்த அம்புக்குறியும் இருக்காது.

பிட்யூட்டரி எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் பயம் குறையும். ஃப்ரீ டி4 கொஞ்சம் இறங்கினாலே டிஎஸ்எச் பல மடங்கு ஏறும், டி4 பாதியானால் டிஎஸ்எச் நூறு மடங்கு வரைக்கும் போகக்கூடும். ஆகவே டிஎஸ்எச் 3லிருந்து 6 ஆனதைப் பார்த்து, தைராய்டின் வேலை பாதியாகிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் கால்சியம். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி மாதிரி பெரும்பாலும் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை பிடிஎச் என்ற ஹார்மோனைச் சுரந்து அதை ஏற்றுகின்றன, கால்சியம் ஏறினால் சுரப்பதை நிறுத்திக்கொள்கின்றன. ஒரு ரிப்போர்ட்டில் கால்சியம் 11.2, பிடிஎச் 58 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிடிஎச்சுக்கு லேப் போட்டிருக்கும் எல்லை 15 முதல் 65. அச்சடித்த தாளைப் பொறுத்தவரை பிடிஎச் நார்மல். ஆனால் கால்சியம் இவ்வளவு ஏறிக் கிடக்கும்போது பிடிஎச் வாயை மூடிக்கொண்டு அடியில் கிடந்திருக்க வேண்டாமா? 58 என்பது இந்த இடத்தில் நார்மல் இல்லை, பாராதைராய்டிலேயே கோளாறு இருக்கலாம் என்பதற்கு அடையாளம். எல்லைக்குள் இருப்பது வேறு, அந்த நேரத்துக்குப் பொருத்தமாக இருப்பது வேறு. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்ற எல்லா ரிப்போர்ட்டும் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

மற்ற ஜோடிகள் இதே வழிதான். கார்டிசாலுக்கு ஏசிடிஎச், டெஸ்டோஸ்டிரோனுக்கு எல்எச், இரண்டுமே பிட்யூட்டரியின் குரல்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்து எல்எச் ஏறியிருந்தால் கோளாறு விந்தகத்தில், இரண்டும் குறைவாக இருந்தால் மேலே பிட்யூட்டரி, ஹைப்போதலாமஸ் பக்கம் பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதில், சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஏறுவதும் இதே கதைதான், சினைப்பை ஓய்வுக்குப் போக ஆரம்பித்ததும் பிட்யூட்டரி உரக்கக் கூப்பிடுகிறது. இன்சுலினின் ஜோடி இன்னொரு ஹார்மோன் இல்லை, ரத்தச் சர்க்கரை.

ரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள்

பெரும்பாலான ரிப்போர்ட்டில் மூலையில் பொடி எழுத்தில் ரத்தம் எடுத்த நேரம் இருக்கும். கார்டிசால் விடிகாலையில் உச்சத்துக்குப் போய், பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருக்கும். காலை எட்டு மணிக்குக் குறைவு என்று சொல்லக்கூடிய ஓர் எண் ராத்திரி பதினொரு மணிக்கு மிக அதிகம் என்றாகிவிடும். இரவு வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கே மாறும், அதை டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோனும் காலையில்தான் அதிகம், அதனால் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், அதுவும் வேறு வேறு நாளில் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் குறைவு என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் எடுத்த ஒரே ஒரு ரத்தத்தை வைத்து ஊசி போட ஆரம்பித்த கதைகளைக் கேட்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுத்தான் வரும், ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம் வரும், நடுவில் அளந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அதனால் அதற்குப் பதில் நாள் முழுக்க ஓரளவு சீராக இருக்கும், அதன் தூண்டுதலால் சுரக்கும் ஐஜிஎஃப்-1ஐ அளக்கிறார்கள். தாய்ப்பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டினோ, ரத்தம் எடுக்கும் ஊசியைக் கண்டு பயந்தாலே கொஞ்சம் ஏறும். முட்டை வெளியான பிறகு ஏறும் புரோஜெஸ்டிரோனை மாதவிடாயின் 21ஆம் நாள் எடுக்கச் சொல்வார்களே, அது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கு. உண்மையில் தேவைப்படுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னால். 35 நாள் சுழற்சி உள்ள பெண் 21ஆம் நாள் போய் நின்றால் அப்போதுதான் முட்டையே வெளியாகும் சமயம், எண் குறைவாகத்தான் வரும், முட்டை வெளியாகவில்லை என்று தப்பாக எழுதிவிடுவார்கள். அவர் போக வேண்டியது 28ஆம் நாள் வாக்கில்.

விட்டுவிட்டு வருவதே செய்தியின் ஒரு பகுதி என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லாமல் போக முடியவில்லை. ஹைப்போதலாமஸ் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை சிறு சிறு துடிப்பாக விடும்போது பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச்சைச் சுரக்கிறது. அதே ஜிஎன்ஆர்எச்சை இடைவெளி விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நாளில் பிட்யூட்டரி கேட்பதையே நிறுத்திவிடும். இதைப் பயன்படுத்தித்தான் ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டிரோனை அடக்குகிறார்கள், வயதுக்கு முன்பே பருவமடையும் குழந்தைகளுக்கு அதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

மறுபடி எப்போது பரிசோதிப்பது என்பதும் நேரம் சம்பந்தப்பட்டதே. இன்சுலின் ரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகிவிடும். டி4 பாதியாக ஏழு நாள் ஆகும். தைராய்டு மாத்திரை அளவை மாற்றினால் புதிய அளவு உடம்பில் நிலைப்பதற்கே ஐந்தாறு வாரம் வேண்டும், அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். பத்தாம் நாளே போய்ப் பார்த்தால் பாதி வழியில் எடுத்த எண்தான் கிடைக்கும், அதை வைத்து மறுபடி அளவை மாற்றினால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். காய்ச்சல், பெரிய ஆபரேஷன் என்று உடம்பு துவண்டு கிடக்கும் சமயத்திலும், கட்டாயம் இல்லை என்றால் தைராய்டு பார்க்க வேண்டாம், நோயே அந்த எண்களை மாற்றிவிடும்.

மொத்தமா, ஃப்ரீயா

டி4இல் 99 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. ஒட்டாமல் இருக்கும் துளியூண்டுதான் செல்லுக்குள் போய் வேலை செய்யும். கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் கல்லீரல் அந்தப் புரதத்தை அதிகமாகச் செய்வதால் மொத்த டி4 ஏறிவிடும், ஃப்ரீ டி4 அதே இடத்தில் இருக்கும். மொத்தக் கார்டிசாலும் இப்படியே ஏறிக் காட்டும். எனவே ரிப்போர்ட்டில் டோட்டல் என்று இருக்கிறதா, ஃப்ரீ என்று இருக்கிறதா என்று பாருங்கள், மாத்திரை விவரத்தைச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எச்சிஜி ஹார்மோன் டிஎஸ்எச்சைப் போலவே தைராய்டைக் கொஞ்சம் தூண்டுவதால் டிஎஸ்எச் தானாக இறங்கும், அப்போது சாதாரண எல்லைகளோடு ஒப்பிடக் கூடாது.

செல் கேட்கிறதா?

ஹார்மோன் தாராளமாக இருந்தும் வேலை நடக்காமல் இருக்கலாம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் ஆரம்பத்தில் பல பேருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கும். தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் சரியாகக் கேட்கவில்லை, கணையம் இன்னும் இன்னும் சுரந்து ஈடுகட்டுகிறது. வருடக்கணக்கில் சர்க்கரை நார்மல் என்றே காட்டும், கணையம் களைத்துப்போன பிறகுதான் எண் ஏறும். வெறும் வயிற்று இன்சுலினையும் சர்க்கரையையும் ஒன்றாகப் பார்த்தால் இந்த இழுபறி ஓரளவு தெரியும். இப்படி ஏறிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்க வைக்கும், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பல பெண்களுக்குச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

அக்காவின் ரிப்போர்ட்

டிஎஸ்எச் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு, ஃப்ரீ டி4 எல்லையைத் தாண்டி அதிகம். நான் மேலே சொன்ன கணக்குப்படி தைராய்டு கட்டுக்கடங்காமல் சுரக்கிறது. ஆனால் அக்காவுக்குப் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு எழுபது. எண்ணுக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான், முடி கொட்டுவதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பயோட்டின் என்ற வைட்டமின், தினமும் 10,000 மைக்ரோகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். சில லேப் கருவிகள் பயோட்டினையே அளக்கும் முறையின் ஒரு பாகமாக வைத்திருக்கின்றன, ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக ஏறியும் காட்டும், அச்சு அசல் தைராய்டு மிகைச் சுரப்பு மாதிரியே. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்து எடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதை மட்டும் குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுப் போங்கள், அளவு அதிகம் என்றால் இன்னும் கூடுதலாக, எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லேப் போடும் எல்லை என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் வட்டம். அப்படியானால் ஆரோக்கியமான இருபது பேரில் ஒருவர் வெளியேதான் நிற்பார். ஒரே ஆள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனையை மொத்தமாகச் செய்துகொண்டால் ஏதாவது ஒன்றிலாவது அம்புக்குறி வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது, ஒரு நோயும் இல்லாமலே. முழு உடல் பரிசோதனை என்று நாற்பது ஐம்பது வரி அச்சடித்துத் தருவதைப் பார்த்துக் கலங்கும்போது இதை நினைவில் வையுங்கள். அலகையும் பாருங்கள், டெஸ்டோஸ்டிரோனை ஒரு லேப் டெசிலிட்டருக்கு நானோகிராம் என்று தரும், இன்னொன்று லிட்டருக்கு நானோமோல் என்று தரும், 288ம் 10ம் ஒரே அளவுதான். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது அக்கா இப்போது ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போகிறார்: மணி, சாப்பிட்டு எவ்வளவு நேரம், கடைசி மாதவிடாய் தேதி, சாப்பிடும் எல்லா மாத்திரையும், சத்து மாத்திரை உட்பட. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்வது நல்லது, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி வையுங்கள். ரிப்போர்ட் வந்ததும் பழைய ரிப்போர்ட்டுகளின் எண்களோடு ஒரே தாளில் தேதிவாரியாக எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆஸ்துமா, மூட்டுவலி, தோல் நோய் என்று எதற்காகவோ ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைப் பார்த்துப் பிட்யூட்டரி ஏசிடிஎச்சை நிறுத்தியிருக்கும், அட்ரீனலும் வேலையை மறந்து சுருங்கியிருக்கும். உடம்பு சரியாகிவிட்டதே என்று ஒரே நாளில் நிறுத்தினால் கார்டிசால் கொடுக்க ஆளே இருக்காது. டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அப்படிச் சாப்பிட்டவருக்கோ, சமீபத்தில் நிறுத்தியவருக்கோ நிற்காத வாந்தி, தலைசுற்றி மயங்கிச் சரிவது, அளவுக்கு மீறிய சோர்வு என்று வந்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக ஸ்டீராய்டு சாப்பிட்டவர் என்பதைச் சொல்லுங்கள்.